மகனின் விமானமும் என் கேக் தராசும்

கேக் ஓடர் செய்கின்ற சகோதரிகளிடம் ஒரு சிறிய டிஜிட்டல் தராசு கட்டாயம் இருக்கும். மா, சீனி, பட்டர் எல்லாவற்றையும் கிராம் கணக்கில் நிறுத்துப் போடுவதற்காக நானும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். 2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் அந்தத் தராசின் மேல் ஓர் ஆகாய விமானத்தை ஏற்றி நிறுத்துப் பார்த்தேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். என் மாமியும் சிரித்தார். ஆனால் அன்று அந்தத் தராசு காட்டிய கணக்கிலிருந்துதான் எங்கள் வீட்டில் இருந்த ஒரு மனத்தாங்கல் தீரத் தொடங்கியது. பிள்ளைகள் உள்ள மற்ற வீடுகளுக்கும் பயன்படலாம் என்பதால் இதை எழுதத் துணிந்தேன்.

நாங்கள் அம்பாறை மாவட்டத்தில் வயலோரமாக உள்ள ஓர் ஊரில் இருக்கிறோம். எனது கணவர் பல வருடங்களாகக் கட்டாரில் மின்சார வேலை செய்கிறார். 2018 டிசம்பரில் லீவில் வந்தபோது மகனுக்கு ஒரு பெரிய பெட்டி கொண்டு வந்தார். உள்ளே, ரிமோட்டினால் இயக்கும் மின்சார விமானம். ரிஜிபோம் போன்ற, ஆனால் அதைவிட உறுதியான ஒரு பொருளால் செய்தது. ஒரு சிறகின் நுனியிலிருந்து மறு சிறகின் நுனிவரை 1400 மில்லிமீற்றர். சிறுவனாக இருந்தபோது வயல் வரம்பில் பட்டம் விட்டுத் திரிந்த மனிதர் அவர். அந்தப் பெட்டியை மகனை விட அவர்தான் ஆசையோடு திறந்தார். ஆனால் லீவு முடிவதற்குள் அதைப் பறக்க விடக் கிடைக்கவில்லை. "நீ பழகி வை மகன், நான் அடுத்த முறை வந்து பாக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சில மாதங்களில் 2019 ஏப்ரல் 21 வந்தது. அதன்பிறகு நாடு இருந்த நிலையை நான் சொல்லத் தேவையில்லை. ட்ரோன்களும் ஆளில்லா விமானங்களும் பறக்க விடுவது அந்த மாதமே தடை செய்யப்பட்டது. வயர், பெட்டரி, ரிமோட் என்று வீட்டுக்குள் ஏதாவது இருந்தால் யார் வந்து என்ன கேட்பார்களோ என்று பெண்கள் நாங்கள் எவ்வளவு பயந்திருந்தோம்! ஓர் இரவு நான் அந்த விமானத்தைக் கழற்றி, சிறகை ஒரு சாக்கிலும் உடலை இன்னொரு சாக்கிலும் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். பதினொரு வயதுப் பிள்ளை அழுதான். நான் ஏசினேன். அந்த ஏச்சு இன்றும் என் நெஞ்சில் கிடக்கிறது.

நான்கு வருடம் கழித்து, மகனுக்குப் பதினைந்து வயதானபோது, ஒருநாள் அவனாகவே சாக்கை வெளியே இழுத்தான். இம்முறை நான் தடுக்கவில்லை. சிவில் விமானச் சேவைகள் அதிகார சபை இத்தகைய விமானங்களுக்கு விதிகள் வைத்திருக்கிறது. அவற்றை விசாரித்து, ஊரிலும் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று மட்டும் நிபந்தனை போட்டேன். அந்த அலைச்சலுக்கு நானும் கூடப் போனேன்.

விமானத்தோடு வந்த பெட்டரி ஊதிப் போயிருந்தது. முழுதாகச் சார்ஜ் செய்தபடியே நான்கு வருடம் கிடந்ததால் வந்த வினை. அதே அளவில் புதிதாக ஒன்று வாங்கினோம். கொழும்பில் படிக்கும் என் ராத்தாவின் மகன் வந்து முதன்முதலில் பறக்கவிட்டான். நன்றாகத்தான் பறந்தது. இறங்கும்போது மூக்குக் குத்தி விழுந்து முன்பகுதி உடைந்தது. விசிறியும் முறிந்தது.

மகன் பசையும் டேப்பும் போட்டு மூக்கை ஒட்டினான். பெட்டிக்குள் இருந்த மேலதிக விசிறியைப் பூட்டினான். ஆனால் அதற்குப் பிறகு விமானம் மேலே ஏறவே மாட்டேன் என்றது. சத்தம் மட்டும் பெரிதாக வந்தது. "சக்தி காணாது" என்று முடிவு செய்து, சேர்த்து வைத்திருந்த பெருநாள் காசில் பெரிய பெட்டரி ஒன்றும் பெரிய விசிறி ஒன்றும் தருவித்தான். அதைப் பூட்டிப் பறக்க விட்டபோது விமானம் குதிரை போலத் துள்ளியது. ஒரு நிமிடம் ஆகவில்லை, மோட்டர் நின்று வயலுக்குள் விழுந்தது.

அன்றிரவு கட்டாரிலிருந்து கோல் வந்தது. மகன் போனை வாங்கி, "வாப்பா, நீங்க அனுப்பின ப்ளேன் சரியில்ல. இதவிடப் பெரிய மோட்டர் உள்ளது வேணும்" என்றான்.

மறுபக்கத்தில் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி மகன், அடுத்த மாசம் பாப்பம்" என்றார்.

அந்த "பாப்பம்" என்ற சொல்லின் அர்த்தம் எனக்குத் தெரியும். ஓகஸ்ட் மாதத்துத் தோஹா வெயிலில் இன்னும் சில இரவுகள் ஓவர்டைம். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் மகனைக் கூப்பிட்டேன்.

"மனெ, அந்தப் ப்ளேன எடுத்திட்டு வா. பிழை என்னண்டு பாத்திட்டு, பிறகு வாப்பாட்ட கேப்பம்."

"உங்களுக்கு இதப் பத்தி என்ன உம்மா தெரியும்?"

"ஒண்டும் தெரியாது. தையல் மெஷின் திருத்தத் தெரியும்."

அவன் சிரித்துவிட்டான். ஆனால் நான் பகிடிக்குச் சொல்லவில்லை. தைக்கும்போது நூல் அறுந்தால் ஊசி, பொபின், டென்ஷன் என்று எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திருகக் கூடாது. எது பிழை என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு துண்டுத் துணியில் தைத்துப் பார்க்க வேண்டும். விமானத்திலும் அப்படியே செய்வோம் என்றேன். பன்னிரண்டு வயது மகள் ஒரு கொப்பியும் பேனையும் கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

முதலில் தராசு. விமானத்தோடு வந்த சிறு புத்தகத்தில், பெட்டரியோடு சேர்த்து 1120 கிராம் என்று போட்டிருந்தது. எங்கள் தராசு 1340 கிராம் காட்டியது. 220 கிராம் எங்கிருந்து வந்தது? பழைய அளவுப் பெட்டரி 180 கிராம். புதிய பெரிய பெட்டரி 340 கிராம். அதிலேயே 160 கிராம் போயிற்று. மிச்சம் 60 கிராமும் மகன் அள்ளிப் பூசிய பசையும் டேப்பும். சக்தியைக் கூட்டுவதற்காகப் போட்ட பெட்டரி, அந்தச் சக்தியின் ஒரு பங்கைத் தன்னைத் தூக்குவதற்கே தின்று கொண்டிருந்தது.

இரண்டாவது, சமநிலை. விமானத்தின் பாரம் சிறகின் எந்த இடத்தில் நடுவாக நிற்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம் என்று ராத்தாவின் மகன் போனில் சொன்னான். பொதுவாக அது சிறகின் முன் விளிம்பிலிருந்து, சிறகு அகலத்தின் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் இருக்க வேண்டுமாம். எங்கள் விமானத்தின் சிறகு அகலம் 220 மில்லிமீற்றர். புத்தகம் சொன்ன இடம் 66 மில்லிமீற்றர். தையல் சோக்கினால் சிறகுக்கு அடியில் இரு பக்கமும் அடையாளம் போட்டேன். அந்த இடத்தில் இரண்டு விரல்களால் தாங்கினால் விமானம் சமமாக, அல்லது மூக்கு மிகச் சிறிது தாழ்ந்து நிற்க வேண்டும். எங்களுடையது வாலடிக்கு அப்படியே சாய்ந்தது. பெரிய பெட்டரி மூக்குக்குள் நுழையாததால் மகன் அதைப் பின்னால் தள்ளி வைத்திருந்தான். சமநிலை 88 மில்லிமீற்றருக்குப் போயிருந்தது. மூக்குப் பாரமான விமானம் மந்தமாகப் பறக்கும். வால் பாரமான விமானமோ சொல் கேட்காது. அன்று துள்ளியது சக்தியினால் அல்ல, வால் பாரத்தினால்தான்.

மூன்றாவது பிழையைக் கண்டுபிடித்தது மகள். கொப்பியில் எழுதுவதற்காக விசிறியில் உள்ள இலக்கங்களை வாசித்தவள், "உம்மா, எழுத்து ஏன் பின்னுக்குப் பாத்திட்டு இருக்கு?" என்று கேட்டாள். மகன் புத்தகத்தை எடுத்துப் பார்த்தான். முகம் கறுத்துவிட்டது. விசிறியில் உள்ள எழுத்து எப்போதும் விமானம் போகும் திசையை, அதாவது முன்பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். விசிறியின் வளைவு அதற்கேற்றபடிதான் செய்யப்பட்டிருக்கிறது. மாறிப் பூட்டினால் மோட்டர் அதே பாடுபடும், சத்தமும் கூடும், இழுவை மட்டும் குறைந்து போகும். முதல் விசிறி முறிந்து இரண்டாவதைப் பூட்டிய நாளிலேயே பிழை நடந்திருந்தது. அதை அறியாமல் பெரிய விசிறி, பெரிய பெட்டரி என்று ஏறிக்கொண்டே போயிருக்கிறான். பெரிய விசிறியையும் மாறித்தான் பூட்டியிருந்தான்!

அப்படியானால் மோட்டர் ஏன் நின்றது? இதற்கு மின்வேலை செய்யும் என் தம்பியிடம் நேர் மின்னோட்டம் அளக்கக்கூடிய கிளாம்ப் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கினோம். விசிறியில் இரண்டு இலக்கங்கள் இருக்கும். முதலாவது அதன் விட்டம். இரண்டாவது, ஒரு சுற்றுக்கு அது எவ்வளவு தூரம் முன்னேற வேண்டும் என்ற அளவு. இரண்டும் அங்குலக் கணக்கு. விமானத்தோடு வந்தது 10க்கு 5. மகன் வாங்கியது 11க்கு 7. ஓர் அங்குலம்தானே கூட என்று நினைப்போம். ஆனால் விட்டம் சிறிது கூடினாலும் மோட்டர் மேல் விழும் சுமை பல மடங்கு வேகத்தில் கூடிவிடும். பெரிய விசிறியோடு முழு வேகத்தில் மீட்டர் 36 அம்பியர் காட்டியது. மோட்டருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் கட்டுப்படுத்தியில் 30 அம்பியர் என்று எழுதியிருந்தது. அது சூடேறித் தன்னைக் காப்பாற்றிக் கொள்ள மோட்டரை நிறுத்தியிருக்கிறது. பழைய 10க்கு 5 விசிறியைச் சரியான பக்கம் பூட்டி, சிறிய பெட்டரியில் அளந்தோம். 19 அம்பியர். அப்போது பெட்டரியில் 11.3 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 215 வொட் அளவில் வருகிறது. பழகுபவர்களுக்கான விமானத்துக்குக் கிலோவுக்கு 110 முதல் 150 வொட் இருந்தால் போதும் என்பது இதில் அனுபவமுள்ளவர்களின் கணக்கு. ஒட்டியவற்றைச் சுரண்டி எடுத்த பிறகு எங்கள் விமானம் 1150 கிராம். அப்படிப் பார்த்தால் கிலோவுக்கு 187 வொட்! வாப்பா அனுப்பிய மோட்டரில் ஒரு குறையும் இருக்கவில்லை. மகன் கணக்கைப் பார்த்துக் கொண்டே இருந்தான். ஒன்றும் பேசவில்லை.

இந்த இடத்தில் சகோதரிகளுக்கு ஓர் எச்சரிக்கை. அந்த விசிறி கத்திக்குச் சமம். பெட்டரியைக் கொழுவிவிட்டால் மோட்டர் எந்த நேரமும் சுற்றலாம். அளக்கும்போது நான்தான் விமானத்தைப் பின்னாலிருந்து பிடித்துக் கொண்டேன். அதற்கு முன் முந்தானையை இடுப்பில் செருகி, தலைத் துணியின் முனைகளையும் உள்ளே விட்டுக் குத்திக் கொண்டேன். விசிறிக்கு முன்னாலோ பக்கவாட்டிலோ யாரும் நிற்கக் கூடாது. மற்ற வேலைகள் செய்யும்போது விசிறியைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

அடுத்து, சிறு சிறு திருத்தங்கள். விசிறியின் நடுத் துளையில் ஒரு பின்னல் ஊசியை நுழைத்து இரண்டு கிளாசுகளின் விளிம்பில் வைத்தோம். ஒரு பக்கம் கீழே சாய்ந்தது. பாரம் குறைந்த பக்கத்தில் மெல்லிய டேப் துண்டு ஒட்டிச் சமப்படுத்தியதும் மோட்டரின் நடுக்கமும் இரைச்சலும் குறைந்தன. வலது சிறகில் பசை அதிகம் என்பதால் அது தாழ்ந்தது. இடது சிறகின் நுனியில் குண்டூசிகளைத் தலைவரை குத்தி இறக்கி அதைச் சரி செய்தேன். சிறகிலும் வாலிலும் அசையும் பகுதிகள் கண்டபடி திரும்பின. அவற்றை அசைக்கும் கம்பியைச் சேர்வோ கையின் உள்துளைக்கு மாற்றினோம். சிறகில் 12 மில்லிமீற்றர், வாலில் 10 மில்லிமீற்றர் என்று என் அளவுகோலால் அளந்து வைத்தோம். குச்சியைச் சிறிது அசைத்தால் மெதுவாகத் திரும்பும்படி ரிமோட்டில் முப்பது வீதம் தணித்தும் வைத்தான் மகன்.

சனிக்கிழமை சுபஹுக்குப் பிறகு வட்டைக்குப் போனோம். யால போகம் அறுவடையாகி வெறும் தாள் நின்ற வயல். வீடும் இல்லை, கரண்ட் கம்பியும் இல்லை. அந்த மாதங்களில் எட்டு ஒன்பது மணிக்கெல்லாம் கச்சான் கிளம்பிவிடும். அதற்கு முன் முடித்துக் கொள்ள வேண்டும். ரிமோட்டைத் தூரத்தில் வைத்துச் சோதித்தான். இடது என்றால் இடது, வலது என்றால் வலது அசைகிறதா என்று மகள் பார்த்துச் சொன்னாள். நான் காற்றுக்கு எதிராக விமானத்தை நேராக எறிந்தேன்.

ஏறியது. அப்படி அழகாக ஏறியது. ஆனால் வேகத்தைக் கூட்டும்போதெல்லாம் மூக்கை அளவுக்கு மிஞ்சி மேலே தூக்கியது. இறக்கிப் பார்த்தோம். ஒட்டிய மூக்கில் மோட்டர் சிறிது மேல்நோக்கி இருந்தது. அது இலேசாகக் கீழ்நோக்கி இருக்க வேண்டுமாம். மோட்டரைத் தாங்கும் மேல் இரண்டு ஸ்குரூவின் பின்னால் மெல்லிய வொஷர் ஒவ்வொன்று வைத்து இறுக்கினோம். வேறு எதையும் தொடவில்லை. இரண்டாம் முறை ஏழு நிமிடம் பறந்தது. அதே மோட்டர், அதே 2200 மில்லி அம்பியர் மணிப் பெட்டரி. வீட்டுக்கு வந்து சார்ஜ் செய்தபோது திரும்ப ஏறியது 1250 தான். பெட்டரியின் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்பதால் ஏழு நிமிடத்துக்கு மணி அடிக்கும்படி ரிமோட்டில் வைத்துக் கொண்டான்.

பெட்டரி விடயத்தில் மட்டும் அசட்டையாக இருந்துவிடாதீர்கள். லிதியம் பொலிமர் என்ற இந்த வகை, போன் பெட்டரியின் சொந்தக்காரன்தான். ஆனால் உறுதியான கூடு இல்லாதது. மூன்று அறைகள், ஒவ்வொன்றும் நிறைந்தால் 4.2 வோல்ட், மொத்தம் 12.6. அதற்குரிய சார்ஜரில், 2200 அளவுள்ளதை 2.2 அம்பியரில் சார்ஜ் செய்வதே பாதுகாப்பு. நாங்கள் சீமெந்துத் தரையில் மண் பரப்பிய ஒரு பழைய சட்டியில் வைத்து, பக்கத்தில் இருந்துதான் சார்ஜ் செய்கிறோம். அடுப்பில் கறியை வைத்துவிட்டு மறக்கலாம். இதை வைத்துவிட்டு மறக்கக் கூடாது. பல நாள் சும்மா வைப்பதென்றால் அறைக்கு 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும். ஊதியதையும் அடிபட்டதையும் ஒருபோதும் பாவிக்கக் கூடாது.

1957 ஜூன் 30 அன்று பிரித்தானியாவில் கேர்ணல் டப்ளின் என்பவர்தான் ரேடியோவால் இயக்கும் மாதிரி விமானத்தை மின்சார மோட்டரில் பறக்க வைத்தார் என்றும், பதிவில் உள்ள முதலாவது அதுதான் என்றும் மகள் எங்கோ வாசித்துக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள். அவருடைய விமானத்தின் பெயர் ரேடியோ குயின். வெள்ளியும் நாகமும் சேர்ந்த பெட்டரி. அந்தக் காலத்துப் பெட்டரியின் பாரத்தோடு அவர் பறக்க வைத்தார் என்றால், நாங்கள் 180 கிராம் பெட்டரியை வைத்துக்கொண்டு காணாது என்று சொன்னோமே என்று அவளுக்குச் சிரிப்பு.

அன்றிரவு கோல் வந்தபோது மகன் தானாகவே போனை வாங்கினான்.

"வாப்பா, பெரிய ப்ளேன் வேணாம். இதுல ஒரு பிழையுமில்ல. விசிறிய நான்தான் மாறிப் பூட்டியிருக்கன். ஏழு நிமிசம் பறந்திச்சி வாப்பா."

மறுபக்கத்தில் மறுபடியும் சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு அவருடைய குரல் கேட்டது. "ஏழு நிமிசமா? எவ்வளவு உயரத்துக்குப் போச்சு மகன்? எந்த வயல்ல விட்ட? காத்து எப்பிடி இருந்திச்சி?" என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக் கொண்டே போனார். இருவரும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பேசினார்கள். கடைசியில்தான் போன் என் கைக்கு வந்தது. "ஓவர்டைமுக்குப் பேர் குடுத்திருந்தன் புள்ள. நாளைக்கு வெட்டச் சொல்றன்" என்றார்.

பிள்ளைகள் ஒன்றைக் கேட்டு அடம் பிடிக்கும்போது நாம் ஒன்றில் வாங்கிக் கொடுக்கிறோம், அல்லது ஏசி விடுகிறோம். இரண்டுக்கும் முன்னால், இருப்பதைக் கொண்டு வந்து வைத்து அவர்களோடு உட்கார்ந்து பார்க்கலாம். அது நமக்குத் தெரிந்த விடயமாக இருக்க வேண்டும் என்றில்லை. எனக்கு விமானம் தெரியாது. நிறுக்கவும் அளக்கவும் ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றிப் பார்க்கவும் மட்டும் தெரிந்திருந்தது. அது குசினியிலும் தையல் மெஷினிலும் நாம் எல்லோரும் தினம் செய்கின்ற வேலைதானே!

விமானம் இப்போது கட்டிலுக்கடியில் இல்லை. முன்னறைச் சுவரில் இரண்டு ஆணியில் தொங்குகிறது. வருபவர்கள் கேட்டால் மகன் எடுத்துக் காட்டுகிறான். விசிறியில் உள்ள எழுத்து எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று விளக்கம் சொல்வது மட்டும் மகளின் பொறுப்பு.